பேரு பெத்த பேரு

விற்பவர் ஒரு பொருளை எப்படி வர்ணித்து விற்கிறாரோ, பொருள் அப்படியே இருக்க வேண்டும். 1930-ஆம் வருஷத்து இந்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான். பி.காம் படிப்பவர்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு, மறுநாள் மத்தியானம் மறந்துவிடுகிற பிரிவு. பரங்கிக்காயைப் பூசணிக்காய் என்று சொல்லி விற்கக்கூடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஆனால் தானாக ஓடாத ஒரு காருக்கு "முழுசாகத் தானே ஓடும்" என்று பெயர் வைத்து விற்றால்? அதற்குப் பெயர் தொழில்நுட்பப் புரட்சியாம்!

கார்களில் இப்போது வருகிற ஓட்டுநர் உதவி வசதிகளைப் பற்றித்தான் பேச்சு. கேமரா, ரேடார் உதவியோடு முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓடும், கோட்டுக்குள்ளேயே ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொள்ளும். பூஜ்யம் முதல் ஐந்து வரை உள்ள தரவரிசையில் இது இரண்டாம் படி. இரண்டாம் படிக்கு அர்த்தம் என்ன? ஓட்டுகிறவர் ஒரு கணமும் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. எது நடந்தாலும் பொறுப்பு அவருடையது. மூன்றாம் படியில்தான், அதுவும் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும், சாலையைப் பார்க்கும் வேலையைக் கார் ஏற்றுக்கொள்கிறது.

இந்த இரண்டாம் படிச் சரக்குக்கு டெஸ்லா வைத்த பெயர் ஆட்டோபைலட். கொஞ்சம் கூடுதல் வசதியோடு, கூடுதல் காசுக்கு, ஃபுல் செல்ஃப் டிரைவிங். 2022-ல் இதன் விலை அமெரிக்காவில் 15,000 டாலர் வரை ஏறியது. 2024-ல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் "கண்காணிப்புடன்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். முழுசாகத் தானே ஓடும், ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்! சர்க்கரை போடாத சர்க்கரைப் பொங்கல் :-)

சிரித்துவிட்டுப் போகலாம்தான், செத்தவர்கள் இல்லையென்றால்.

2016 மே 7. ஃபுளோரிடாவில் வில்லிஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை. குறுக்கே ஒரு டிரெய்லர் லாரி திரும்புகிறது. ஆட்டோபைலட்டில் மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டர் வேகத்தில் வந்த டெஸ்லா கார் பிரேக்கே போடாமல் லாரியின் வயிற்றுக்குள் புகுந்தது. காரும் போடவில்லை, ஓட்டியவரும் போடவில்லை. ஆட்டோபைலட் ஓடிய 37 நிமிஷத்தில் அவர் கை ஸ்டீயரிங்கில் பட்டது வெறும் 25 விநாடி. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓட்டியவரை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. குறுக்குப் போக்குவரத்து உள்ள சாலைகளுக்காகச் செய்யப்படாத அமைப்பை அந்தச் சாலையில் ஆன் செய்ய விட்டது யார்? கையை எடுத்தபிறகும் அவ்வளவு நேரம் ஓட விட்டது யார்? உருவாக்கியவர்களையும் சேர்த்தே குற்றம் சொன்னது. எந்தச் சாலைக்குச் செய்தீர்களோ அங்கே மட்டும் இயங்கும்படி வையுங்கள், ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க நல்ல வழி செய்யுங்கள் என்று 2017-ல் ஆறு கார் நிறுவனங்களுக்கு எழுதியது. ஐந்து நிறுவனங்கள் பதில் போட்டன. 2020 பிப்ரவரி வரைக்கும் டெஸ்லாவிடமிருந்து முறையான பதில் வரவில்லை என்று வாரியத்தின் தலைவரே சொன்னார்.

நடுவில் 2019 மார்ச் 1. அதே ஃபுளோரிடா, டெல்ரே பீச். அதே மாதிரி குறுக்கே ஒரு டிரெய்லர். ஆட்டோபைலட் ஆன். கார் மறுபடியும் லாரிக்கு அடியில் புகுந்தது. மறுபடியும் ஓட்டியவர் சாவு.

இதற்கெல்லாம் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு. "கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறதே! திரையில் எச்சரிக்கை வருகிறதே! படிக்காமல் விட்டது அவன் தப்பு."

படிக்காமல் விட்டது தப்புதான். ஆனால் படித்திருந்தாலும் நடந்திருக்கும், விஷயமே அதுதான். 1948-ல் நார்மன் மாக்வொர்த் என்கிற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஒரு முள் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை ஆட்களிடம் கொடுத்தார். அரை மணி நேரத்துக்குள் கவனம் சரிந்துவிட்டது. எதுவும் நடக்காத ஒன்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது மனுஷனால் முடியாத காரியம். கூகிள் 2012, 2013 வாக்கில் இப்படிப்பட்ட அரைகுறைத் தானியங்கிக் கார்களைத் தன் ஊழியர்களிடமே கொடுத்துப் பார்த்தது. கவனமாக இருக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளே இருந்த கேமராவில் தெரிந்தது என்ன? போனை நோண்டுகிறார்கள், மேக்கப் போடுகிறார்கள், ஒருவர் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் தூங்கியே விட்டார். கூகிள் அந்த வழியையே கைவிட்டது. ஆக, "கவனமாக இரு" என்று கையேட்டில் எழுதிவிட்டு, கவனமே இல்லாமல் ஆக்குகிற பொருளை விற்பது எச்சரிக்கை ஆகாது. அது பிற்பாடு கோர்ட்டில் காட்டுவதற்கான ரசீது.

அந்தக் கையேட்டைப் படிக்காதவர்கள், படிக்க அவசியமே இல்லாதவர்கள் சாலையில் இருக்கிறார்களே, அவர்கள் கதி? 2019 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் சாலையோரம் ஒரு வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆட்டோபைலட்டை ஆன் செய்து வந்தவர் கீழே விழுந்த போனைக் குனிந்து தேடினார். கார் நின்ற வண்டியில் மோத, 22 வயதுப் பெண் இறந்தார், உடன் நின்றவர் படுகாயம். அந்தப் பெண் டெஸ்லா வாங்கவில்லை. எந்தப் பெட்டியிலும் "சம்மதம்" என்று டிக் அடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் மியாமி ஜூரி ஓட்டியவர் மேல் மூன்றில் இரண்டு பங்கும், டெஸ்லா மேல் மூன்றில் ஒரு பங்கும் பழி என்று தீர்ப்புச் சொல்லி, டெஸ்லா சுமார் 24.3 கோடி டாலர் கட்ட வேண்டும் என்றது. அதில் 20 கோடி தண்டனையாக விதித்த தொகை. மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது.

"மனுஷன் ஓட்டினால் இதைவிட அதிகம் சாகிறானே" என்று அடுத்த வாதம் வரும். டெஸ்லா காலாண்டுக்கு ஒருமுறை, ஆட்டோபைலட்டில் எத்தனை லட்சம் மைலுக்கு ஒரு விபத்து என்று கணக்கு வெளியிட்டு, அமெரிக்காவின் பொதுச் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டும். ஆட்டோபைலட் பெரும்பாலும் ஓடுவது நெடுஞ்சாலையில். பொதுச் சராசரியில் ஊருக்குள் இருக்கும் சந்து, சிக்னல், பழைய ஓட்டை வண்டி எல்லாம் அடக்கம். புள்ளியியல் பேப்பரில் இப்படி ஒப்பிட்டு எழுதினால் முட்டை மார்க்.

எல்லா உதவி வசதியும் மோசம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மோதப்போகிறோம் என்று எச்சரித்துத் தானே பிரேக் போடும் அமைப்பு, முன்வண்டியில் மோதும் விபத்துகளைப் பாதியாகக் குறைத்திருப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. ஓட்டுவது மனுஷன்தான், தவறினால் மட்டும் அது கை கொடுக்கிறது. அதே கழகம் 2024-ல் இரண்டாம் படி அமைப்புகள் 14-ஐச் சோதித்து, ஓட்டுநரைக் கண்காணிக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் 11-க்கு "மோசம்" என்று மார்க் போட்டது. உயிர் காக்கிற வசதிக்குக் கவர்ச்சியான பெயரே கிடையாது, கவனித்தீர்களா?

பொறுப்பை ஏற்க வேண்டி வந்தால் கார்க் கம்பெனிகளின் குரலே மாறிவிடும். 2022-ல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் மூன்றாம் படி அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது இயங்கும்போது பொறுப்பு எங்களுடையது என்றது. உடனே நிபந்தனைகள்: நெடுஞ்சாலை நெரிசலில் மட்டும், மணிக்கு 60 கிலோமீட்டருக்குள் மட்டும். சொந்தக் காசு போகும் என்றால் எவ்வளவு அடக்கம்!

இது ஒரே கம்பெனியின் வியாதியும் இல்லை. 2020-ல் இந்தியாவுக்கு வந்த எம்ஜி குளோஸ்டரை "இந்தியாவின் முதல் முதலாம் படித் தன்னாட்சிக் கார்" என்று விளம்பரம் செய்தார்கள். முதலாம் படியில் என்னங்க தன்னாட்சி? சீனாவில் 2025 மார்ச் 29 அன்று சியோமி எஸ்யூ7 கார் ஒன்று நெடுஞ்சாலையில் உதவி அமைப்பின் பொறுப்பில் 116 கிலோமீட்டர் வேகத்தில் போனது. முன்னால் தடை என்று கார் எச்சரித்து, ஓட்டியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கான்கிரீட் தடுப்பில் மோதியது எல்லாம் நான்கு விநாடிக்குள் முடிந்தது. உள்ளே இருந்த மூன்று கல்லூரி மாணவிகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே சீன அரசு விளம்பரங்களில் "தானியங்கி ஓட்டம்" போன்ற சொற்களுக்குத் தடை போட்டது.

அமெரிக்காவில் 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை "திரும்ப அழைத்தது". எந்தக் காரும் எங்கும் போகவில்லை. சாஃப்ட்வேரில் கூடுதல் எச்சரிக்கைகள் சேர்ந்தன. அதற்கு அப்புறமும் விபத்துகள் நடந்ததால், அந்தத் திருத்தம் போதுமா என்று 2024 ஏப்ரலில் அரசு மறுபடி விசாரணையைத் தொடங்கியது. மற்ற கம்பெனிகள் "உதவி" என்கிற மாதிரி வார்த்தைகளைப் பயன்படுத்தும்போது, ஆட்டோபைலட் என்ற பெயரே ஓட்டுநருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கையைக் கொடுக்கலாம் என்றும் அப்போது எழுதிவைத்தது. அந்தப் பெயர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது என்ற நீதிபதியின் முடிவைக் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை ஏற்றுக்கொண்டது 2025 டிசம்பரில். ஆட்டோபைலட் கார்களுக்குள் வந்தது 2015 அக்டோபரில்.