ஐஸ்கிரீமா, ஃப்ரோஸன் டெஸர்ட்டா? சண்டை ஒரு ஸ்பூன் கொழுப்புக்குத்தான்!

ஹைதராபாத்துக்கு ஐஸ்கிரீம் புதிதல்ல. மொஸம்ஜாஹி மார்க்கெட்டில் கோடைக்கு மாம்பழம், மழைக்காலம் முடிந்ததும் சீத்தாப்பழம் என்று பழத்தைப் போட்டுக் கடைந்து தரும் ஐஸ்கிரீமுக்கு ஊரே கூடும். கல்யாண விருந்துகளில் 'குபானி கா மீட்டா' வந்தால் அதன் தலையில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் இல்லாமல் வராது. தமிழகத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய நாமும் இந்தப் பழக்கத்தை நன்றாகவே கற்றுக்கொண்டோம். நம் வீட்டு நிச்சயதார்த்தம் முதல் சங்கத்தின் ஆண்டு விழா வரை, பந்தியின் கடைசியில் பாயசத்தோடு ஐஸ்கிரீமும் வந்து நிற்கிறது.

கூடவே ஒரு வாக்குவாதமும் வந்து நிற்கிறது. "இது ஐஸ்கிரீமே இல்லை, வெறும் டால்டா" என்பார் ஒருவர். "எல்லாம் ஒன்றுதான், சாப்பிடுங்கள்" என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால், இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. இந்த வாக்குவாதத்திலேயே நேரம் போய், நம் குடும்பங்களுக்கு உண்மையில் தேவையான கேள்வி கேட்கப்படாமலே போகிறது என்பதுதான் என் கவலை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று பெயரிட்டு விற்கும் பண்டத்தில் 100க்கு 10 பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' என்று போட வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ தாவர எண்ணெயைப் பயன்படுத்தினால் அதற்கு 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று பெயர். அந்தப் பெயரும், தாவர எண்ணெய் கலந்த விவரமும் அட்டையில் இருக்க வேண்டும். ஆனால் புரதம் இரண்டிலும் குறைந்தது 3.5 சதவீதம் இருந்தாக வேண்டும். ஃப்ரோஸன் டெஸர்ட்டிலும் பெரும்பாலும் பால் பவுடர் வழியாகப் பாலின் சத்து சேர்ந்தே இருக்கிறது. கொழுப்பு மட்டும்தான் வேறு.

இந்த ஒரு வேறுபாட்டுக்காக நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போயின. 2017இல் அமுல் விளம்பரம் ஒன்று, தன்னுடையது பாலில் செய்தது என்றும், ஃப்ரோஸன் டெஸர்ட்டில் இருப்பது வனஸ்பதி என்றும் சொல்லியது. க்வாலிட்டி வால்ஸ் பெயரில் ஃப்ரோஸன் டெஸர்ட் விற்றுவந்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தாங்கள் சேர்ப்பது தாவரக் கொழுப்பு, வனஸ்பதி அல்ல என்பது அதன் வாதம். அந்த ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. 'டால்டா' என்று சொல்லி மிரட்டும் அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தவிரவும், 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் வந்துவிட்டது.

அப்படியானால் உடம்புக்கு எது நல்லது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.லி. கப் ஒன்றின் எடை ஏறக்குறைய 55 கிராம். அதில் 10 சதவீதம் கொழுப்பு என்றால் ஐந்தரை கிராம். நாம் இட்லி மிளகாய்ப் பொடியில் குழைக்கும் நெய்யில் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். பால் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் வகை, 100க்கு 60 பங்குக்கு மேல். எனவே அந்தக் கப்பில் சுமார் மூன்றரை கிராம். பாமாயில் என்றால் பாதிக்குப் பாதி, அதாவது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயோ பனைக் கொட்டை எண்ணெயோ என்றால் 80 சதவீதத்துக்கும் மேல், அதாவது நாலரை கிராமுக்குக் குறையாது. 'தாவர எண்ணெய்' என்பதால் இதயத்துக்கு நல்லது என்பதும் தவறு, பால் கொழுப்பு என்பதால் சத்து மிகுந்தது என்பதும் தவறு. பால் கொழுப்பில் கொஞ்சம் வைட்டமின் ஏ உண்டு, கூடவே கொலஸ்டிராலும் உண்டு. தாவர எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை. இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்தால் வித்தியாசம் ஓரிரு கிராமில் நின்றுவிடுகிறது. கலோரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 100 கிராமுக்கு 200ஐ ஒட்டி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர், 'வெஜிடபிள்' என்ற சொல்லைப் பார்த்து ஃப்ரோஸன் டெஸர்ட்டைத் தைரியமாகச் சாப்பிடுகிறார்கள். அதிலும் பால் பவுடர் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

"குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது, ஐஸ்கிரீம் கொடுத்தாலாவது பால் உள்ளே போகுமே" என்று சொல்லும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கப்பில் புரதம் சுமார் 2 கிராம், சுண்ணாம்புச் சத்து 60, 70 மில்லிகிராம். 200 மி.லி. பசும்பாலில் புரதம் 6 கிராமுக்கு மேல், சுண்ணாம்புச் சத்து 230 மில்லிகிராமுக்கு மேல். கலோரியில் இரண்டும் அதிகம் விலகவில்லை. ஐஸ்கிரீமைத் தின்பண்டமாகக் கொடுங்கள், பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். பால் பிடிக்காத பிள்ளைக்குத் தயிர்சாதம் இருக்கவே இருக்கிறது.

100 மி.லி. கப் எப்படி 55 கிராம் ஆயிற்று என்று சிலர் யோசித்திருப்பீர்கள். மீதி காற்று! ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்றைச் சேர்த்தால்தான் அது மிருதுவாக வரும். ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும் என்று விதியே இடம் தருகிறது. ஆகவே 700 மி.லி. டப்பா ஒன்றில் 370 கிராம் மட்டும் இருந்தாலும் அது குற்றமல்ல. இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது மி.லி. கணக்கைப் பார்க்காமல் கிராம் கணக்கைப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். கையால் கடைந்ததில் காற்று குறைவு, அதனால்தான் மொஸம்ஜாஹி மார்க்கெட் ஐஸ்கிரீம் கரண்டியில் கனமாக உட்காருகிறது. குல்பியில் காற்று அநேகமாக இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி உறைய வைப்பதால் அதே அளவு குல்பியில் புரதமும் சுண்ணாம்பும் கூடுதல், கலோரியும் கூடுதல். "சின்னக் குச்சிதானே" என்று இரண்டு குல்பி சாப்பிடுவது ஒரு பெரிய கப் ஐஸ்கிரீமைத் தாண்டிவிடும்.

நம் ஊர்க் குச்சி ஐஸ் இந்தப் பட்டியலின் மறு கோடியில் நிற்கிறது. தண்ணீர், சர்க்கரை, நிறம், வாசனை, அவ்வளவே. கொழுப்பும் இல்லை, சத்தும் இல்லை. சர்க்கரை குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அளவு சிறியது என்பதால் ஒரு குச்சியில் போகும் சர்க்கரை ஐஸ்கிரீம் கப்பைவிடக் குறைவாகக்கூட இருக்கும். அதில் கவலைப்பட வேண்டியது தண்ணீரின் சுத்தத்தைப் பற்றித்தான். ஃபலூடா, மதுரை ஜிகர்தண்டா, குபானி கா மீட்டா ஆகியவற்றிலோ ஐஸ்கிரீம் ஒரு பகுதிதான். பாகு, சர்பத், பழச் சர்க்கரை என்று மற்றவை மேலே ஏறிக்கொள்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கேட்கப்படாமல் போகும் கேள்வி சர்க்கரையைப் பற்றியது. பால் கொழுப்பா, தாவர எண்ணெயா என்று சண்டையிடும் இரண்டு டப்பாக்களிலும் 100 கிராமுக்கு 15 கிராம், அதற்கு மேலும்கூடச் சேர்த்த சர்க்கரை இருப்பது சாதாரணம். இதில் இரு கட்சியும் ஒற்றுமையாக இருக்கின்றன!

எவ்வளவு சர்க்கரை போதும் என்று சொல்வதற்கு நாம் வெளிநாட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டாம். தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைக் கேட்டால் போதும். அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் சிறிய ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப் போலவே அதுவும் இங்கு வந்து வேரூன்றிய ஒன்று. அதே 1918இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் தேடித் தந்தார். இட்லி அரிசி முதல் முருங்கைக் கீரை வரை எதில் என்ன சத்து என்று இந்தியா தெரிந்துகொண்டது அவரும் அவருடைய சகாக்களும் தொகுத்த புத்தகத்திலிருந்துதான். இந்த நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்த்த சர்க்கரை 25 கிராமைத் தாண்டினால் அது அதிகம் என்கிறது.

இதை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டிகிரி காபி. அதிலேயே 16 கிராமுக்குக் குறையாமல் போய்விட்டது. இரவு 700 மி.லி. டப்பாவை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 90 கிராமுக்கு மேல், சர்க்கரை ஏறக்குறைய 15 கிராம். மொத்தம் 31. பிஸ்கட், ஜாம், பழரசம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் கணக்கிட்டது. நம் பந்தியில் ஒரு வரிசையில் உட்காருபவர்களில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை விழுங்குகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

"அதற்குத்தான் சுகர் ஃப்ரீ இருக்கிறதே" என்று பெரியவர்கள் சிலர் சமாதானம் சொல்வார்கள். அதில் சேர்த்த சர்க்கரை இல்லை, உண்மைதான். ஆனால் பாலின் இயற்கைச் சர்க்கரை உண்டு, கொழுப்பு உண்டு, கலோரியும் உண்டு. இனிப்புக்குச் சேர்க்கும் மால்டிடால் போன்றவை ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றவே செய்யும், அதிகமானால் வயிற்றையும் கலக்கும். அரைக் கப்போடு நிறுத்துபவருக்கு அது உதவும். இரண்டு கப் சாப்பிட அதை அனுமதிச் சீட்டாகக் கொள்பவருக்கு உதவாது.

"வருஷத்தில் நாலு நாள் விழா, அதிலுமா கணக்கு?" என்று கேட்பீர்கள். நாலு நாள் என்றால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் இப்போது பத்து நிமிஷத்தில் டப்பா வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. விருந்துக்கு மட்டும் வந்தது வாரப் பழக்கமாகிவிட்டது. அதனால்தான் கணக்கு வேண்டியிருக்கிறது.

அதே நேரத்தில், ஐஸ்கிரீமும் ஃப்ரோஸன் டெஸர்ட்டும் சத்தில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பால் கொழுப்பு விலை அதிகம். அந்த விலையைக் கொடுப்பவருக்கு அந்தப் பொருள் கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் தாவரக் கொழுப்பில் செய்ததையும் ஐஸ்கிரீம் என்றே விற்கலாம். நம் நாட்டுச் சட்டம் பெயரையே பிரித்து வைத்து நமக்கு உதவி செய்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் வேலை மட்டும்தான் நம்முடையது. நிறுவனத்தின் பெயரை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கலாம்.

கடையில் அட்டை இருக்கிறது, பந்தியில் இல்லை. ஆகவே நம் சங்கச் செயற்குழுவுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, சமையல் காண்டிராக்டரிடம் பேசும்போதே ஐஸ்கிரீமா, ஃப்ரோஸன் டெஸர்ட்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வோம். பரிமாறும் இடத்தில் அதை ஒரு அட்டையில் எழுதியும் வைப்போம். இரண்டு, பெரிய கரண்டிக்குப் பதில் 50 மி.லி. சிறிய கப் போதும். இன்னொன்று வேண்டும் என்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மூன்று, பாயசமும் ஐஸ்கிரீமும் ஒரே பந்தியில் வேண்டாம். ஏதாவது ஒன்று இருக்கட்டும். பக்கத்தில் நறுக்கிய பழமும், பெருங்காயம் கறிவேப்பிலை போட்ட நீர்மோரும் வைப்போம். இனிப்பு வேண்டாம் என்று கையை மடக்கிக்கொண்டு எழுந்து போகும் நம் தாத்தா பாட்டிகளுக்கும் பந்தியின் முடிவில் ஏதோ ஒன்று கிடைக்கும்.

வரும் சித்திரைத் திருநாளிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.