பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால்...



குக்கர் காஸ்கெட், மிக்ஸி பிளேடு என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று என்ன வந்துவிட்டது என்று கேட்காதீர்கள். சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் பழைய லேப்டாப்பைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். காரணம் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள ப்ராசஸர் வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. கீபோர்டு, திரை எல்லாம் நன்றாக இருக்கும் மெஷினைத் தூக்கிப் போட நமக்கு மனசு வருமா?

லினக்ஸ் மின்ட் என்று ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. 2 ஜி.பி. மெமரி இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் சௌகரியம். ஹாஸ்டலில் இருக்கும் என் மகன் போனில் சொல்லச் சொல்ல எங்கள் வீட்டு லேப்டாப்பில் நானே போட்டேன். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆகவே பயப்படாமல் மேலே படியுங்கள்.

போடுவது கஷ்டமில்லை. பென்டிரைவைச் செருகிப் பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நிற்குமே, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் மூடியைச் சாத்திவிடுகிறார்கள்.

அடுப்பு பற்றவில்லை என்றால் என்ன செய்கிறோம்? சிலிண்டரில் காஸ் இருக்கிறதா, ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, பர்னர் அடைத்திருக்கிறதா என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்கிறோம். இதற்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. பட்டனை அமுக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஒரு சின்னப் புரோகிராம். பழைய மெஷின்களில் அதற்குப் பயாஸ் என்று பெயர், பின்னால் வந்தவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. அது மெமரி, கீபோர்டு எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தேடும். கிடைத்ததும் அங்கே இருக்கும் பூட் லோடரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பூட் லோடர், கர்னல் என்கிற மூலப் பகுதியை மெமரிக்குள் ஏற்றும். அப்புறம்தான் நமக்குப் பழக்கமான படமும் எழுத்தும். பூட் என்ற பெயரே, பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிவிட்டுக்கொள்வது என்ற இங்கிலீஷ்காரர்களின் வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்ததாம்! பிழைச் செய்தி எதுவானாலும், இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்று போயிற்று என்பதைத்தான் சொல்கிறது.

இன்னொரு விஷயம், இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரைக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். மெஷின் பூட் ஆகவில்லை என்பதால் மட்டும் டிஸ்க்கில் உள்ளவை அழிவதில்லை. அவசரப்பட்டு நாம் அமுக்குகிற பட்டன்தான் அழிக்கிறது. (டிஸ்க்கே கடகடவென்று சத்தம் போட்டால் அது வேறு சங்கதி. உடனே நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.)

எங்கள் மாடி வீட்டு அக்காவின் கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் எடுத்த போட்டோக்கள், பேத்திக்குக் கதை சொல்லிப் பதிவு செய்து வைத்த குரல், எல்லாம் அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான். வேறு எங்கும் காப்பி இல்லை. விண்டோஸ் எழுந்திருக்காமல் போகவே, புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். "இந்த டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்கிறது, இதில் விண்டோஸ் போட முடியாது" என்ற அர்த்தத்தில் செய்தி வந்தது. "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டா சரியாப் போயிடும் அத்தை" என்றானாம். நல்ல வேளை, "இருப்பா, கீழ் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று அக்கா இறங்கி வந்தார்.

அந்தச் செய்தி டிஸ்க்கின் மேல் குறை சொல்லவே இல்லை. பென்டிரைவைப் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருந்தான், டிஸ்க்கோ புதிய முறையில் பிரிக்கப்பட்டது. அவ்வளவுதான். பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் சில சமயம் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் செய்தி மறைந்துவிடும். எம்.பி.ஆர். டிஸ்க் என்று குறை சொன்னால் இதற்கு நேர் எதிர், முன்னால் எதுவும் போடாத பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்காக யாராவது டிஸ்க்கைத் துடைப்பார்களா!

ஆனால் நாங்கள் அன்றைக்கு எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. மின்ட் பென்டிரைவைச் செருகினோம். டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் வசதி அதில் உண்டு. உள்ளே போய்ப் பழைய டிஸ்க்கைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தன. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வரச் சொல்லி ஒவ்வொரு ஃபோல்டராகக் காப்பி செய்தோம். மத்தியானம் முழுக்க ஆயிற்று. ஒரு பதிவைப் போட்டுப் பார்த்தபோது அக்கா, "அவர் குரல்தான்மா" என்றார், வேறொன்றும் பேசவில்லை. காப்பி சரியாக இருக்கிறது என்று வேறு மெஷினில் போட்டுப் பார்த்த பிறகுதான் மறுநாள் மின்ட் போட்டோம். பையனும் கூட இருந்து கற்றுக்கொண்டான், பாவம், நல்ல பிள்ளை.

இனி மற்ற செய்திகளைப் பார்ப்போம்.

திரையே வராமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் மெமரி கார்டு சரியாக உட்காரவில்லை. சார்ஜரையும் பாட்டரியையும் கழற்றிவிட்டு, கார்டை எடுத்துத் திரும்ப அழுத்திச் செருக வேண்டும். கை நடுங்கினால் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால், தேடினேன், தொடங்குவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இறக்கிய ஐ.எஸ்.ஓ. ஃபைலைப் பாட்டு காப்பி செய்வது போலப் பென்டிரைவில் இழுத்துப் போட்டிருந்தால் இதுதான் வரும். அரிசியை மூட்டையோடு அடுப்பில் ஏற்றினால் சோறாகுமா? எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற இலவசப் புரோகிராமைக் கொண்டுதான் எழுத வேண்டும். 8 ஜி.பி. பென்டிரைவ் போதும், ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும். சரியாக எழுதியும் வரவில்லை என்றால் பூட் மெனுவைக் கையால் திறவுங்கள். பட்டனை அமுக்கியதுமே டெல், லெனோவோ லேப்டாப்களில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் சாவியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அமுக்கி உள்ளே போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும்.

'வெரிஃபிகேஷன் ஃபெய்ல்டு', 'செக்யூரிட்டி வயலேஷன்' என்று வந்தால் செக்யூர் பூட் என்ற காவல்காரன் வாசலில் தடுக்கிறான். யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்புக்குள் போய் அதை நிறுத்தலாம். ஏசரில் அந்த வரி மங்கலாக இருந்து அசையாவிட்டால், முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் திறக்கும். அதைப் பால் கணக்கு நோட்டிலாவது எழுதி வையுங்கள், மறந்தால் பெரிய தொல்லை. விண்டோஸ் இன்னும் உள்ளே இருந்தால் அதில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்றும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். கையில் இல்லையென்றால் போட்டோவெல்லாம் உள்ளேயே சிறை!

மின்ட் சின்னம் வந்து அப்புறம் திரை இருண்டுவிட்டால், கர்னல் வரை வந்தாயிற்று, படம் காட்டும் பகுதியோடுதான் தகராறு என்று அர்த்தம். ஆரம்ப மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் வழியாகப் போனால் அநேகமாக வந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் தேதி, மணி தவறாகக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பாட்டரி தீர்ந்திருக்கும். பல மெஷின்களில் அது சி.ஆர்.2032, விலை அதிகமில்லை.

எல்லாம் சரியாகி இன்ஸ்டால் செய்யும்போது 'எரேஸ் டிஸ்க்' என்ற வரிக்கு நேரே புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். அதற்கு முழு டிஸ்க்கையும் துடைப்பது என்றுதான் பொருள். காப்பி எடுத்தாகிவிட்டதா என்று வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கேட்டுவிட்டு அமுக்குங்கள். முடிந்து மறுபடி தொடங்கும்போது பென்டிரைவை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால் பூட் லோடருக்குத் தன் மீதிப் பகுதி எங்கே என்று தெரியவில்லை. அதே பென்டிரைவில் திரும்ப உள்ளே போனால் 'பூட் ரிப்பேர்' என்ற கருவி அதிலேயே இருக்கிறது, நெட் இணைப்போடு அதை ஓட்டுங்கள்.

அந்தப் பென்டிரைவை அழித்து வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளாமல், ஒரு சீட்டு ஒட்டி டிராயரில் போட்டு வையுங்கள். திரையில் வரும் செய்தியைச் செல்போனில் படமெடுத்து வைத்தால் கடைக்காரரிடமோ பிள்ளையிடமோ காட்டிக் கேட்பது சுலபம். உங்களுக்கு வந்த செய்தி இதில் இல்லையென்றால் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதி, மெஷின் வாங்கின வருஷத்தையும் மாடலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.