பிங்க் என்றால் கன்னமா, பூவா?

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் 'இன் த பிங்க்' என்பார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனவர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அர்த்தம் கேட்டால், வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு தெம்பாக இருந்தால் கன்னம் இளஞ்சிவப்பாகும், அதனால்தான் என்று பலர் சொல்கிறார்கள். கறுப்பாக இருப்பவர் "ஐ ஆம் இன் த பிங்க்" என்றால் கிண்டலடிப்பவர்களும் உண்டு!

பாவம், கிண்டலடிப்பவர்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியவில்லை. 'பிங்க்' என்பது முதலில் ஒரு பூவின் பெயர். கார்னேஷன் குடும்பம். இதழ்களின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போல இருக்கும். நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதான். பூவைப் போல ஒன்றின் சிறந்த நிலையையும் 'பிங்க்' என்றார்கள். 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ரோமியோ ஜூலியட் நாடகத்தில், மெர்குஷியோ தன்னை மரியாதையின் 'பிங்க்' என்று சொல்லிக்கொள்கிறான். மரியாதைக்கு ஏது நிறம்? 'பிங்க் ஆஃப் ஹெல்த்' என்றாலும் ஆரோக்கியத்தின் உச்சம், அவ்வளவுதான்.

'ஃபிட் அஸ் எ ஃபிடில்' கதையும் இப்படித்தான். 400 வருடங்களுக்கு முன் 'ஃபிட்' என்றால் பொருத்தமானது என்று பொருள். உடற்பயிற்சி அர்த்தமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

'ரோஸி சீக்ஸ்' மட்டும் நிஜமாகவே நிறத்தைச் சொல்வது. ஆனால் அதை நம்பலாமா? 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காசநோய் வந்தவர்களுக்குக் கன்னம் சிவந்து, கண்கள் பளபளத்தன. அதை அழகு என்று ரசித்தார்கள்! அந்த நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று ராபர்ட் கோக் 1882ல் காட்டினார். இன்றைக்கும் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் டாக்டர், கன்னத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், உள்ளங்கையைப் பார்க்கிறார். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் உண்மை தெரியும் இடங்கள் அவை.

இண்டர்வியூவுக்காக நூறு இடியம்களை உருப்போடுவதை விட, பத்து இடியம்களைக் கதையோடு படிப்பது மேல். கதை தெரியாமல் படித்தால், சிவப்பாக இருப்பவர்தான் ஆரோக்கியமானவர் என்ற தப்பான எண்ணமும் சேர்ந்து மனப்பாடமாகிவிடுகிறது.

எனவே கறுப்போ மாநிறமோ, உடம்பு நன்றாக இருந்தால் 'இன் த பிங்க்' என்று தாராளமாகச் சொல்லலாம். யாராவது சிரித்தால் ஷேக்ஸ்பியரைக் காட்டுங்கள்!