தபால் செலவு வருமானம் அல்ல

இணையத்தில் பொருள் வாங்குபவர்களை "இலவச டெலிவரி" என்ற அறிவிப்பு இழுப்பதுபோல் வேறெந்தத் தள்ளுபடியும் இழுப்பதில்லை. ஆனால் எந்தப் பார்சலும் சும்மா போய்ச் சேருவதில்லை. எடை பார்த்து, தூரம் பார்த்து யாரோ ஒருவர் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழும், அதை எந்தப் பெயரில் வாங்கலாம் என்பதை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்வதில்லை. சந்தையை நடத்தும் நிறுவனம் முடிவு செய்கிறது. கைவினைப் பொருட்களுக்கென்று 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கப்பட்ட எட்ஸி தளத்தின் விதிகள் எப்படி மாறிவந்தன என்று பார்த்தால், இந்த அதிகாரம் சிறு விற்பனையாளரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது விளங்கும்.

2018 ஜூலை வரை எட்ஸி பொருளின் விலைக்கு மட்டும் 3.5 சதவீதம் கமிஷன் வாங்கியது. அந்த மாதம் கமிஷனை 5 சதவீதமாக உயர்த்தியதோடு, வாங்குபவர் கொடுக்கும் தபால் செலவுக்கும் அதே கமிஷன் உண்டு என்றது. 2022 ஏப்ரலில் அது 6.5 சதவீதமானது. இதன் பொருளை ஒரு கணக்கில் பார்க்கலாம். 10 டாலர் விலையுள்ள மெழுகுவர்த்தி. அனுப்ப 5 டாலர் செலவு. பொருளுக்கு மட்டும் கமிஷன் என்றால் 65 சென்ட். தபால் செலவையும் சேர்த்தால் 97.5 சென்ட். கூடுதலாகப் போகும் 32.5 சென்ட், விற்பவர் ஒருபோதும் தன் வருமானமாகப் பார்க்காத பணத்தின் மீது வாங்கப்படுகிறது. அந்த 5 டாலர் அவர் கை வழியாக அஞ்சல் துறைக்குப் போகிறது, அவ்வளவுதான். நகை செய்பவருக்கு இது சிறு பாதிப்பு. மண்பானையும் மரச்சாமானும் விற்பவருக்கு விலையில் பாதிகூடத் தபாலுக்குப் போகலாம் என்பதால், அவர் கட்டும் கமிஷன் உண்மையில் பொருளின் கனத்துக்குக் கட்டும் கமிஷன் ஆகிவிடுகிறது.

இதைவிடக் கடுமையான மாற்றம் 2019இல் வந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அனுப்பப்படும் பொருட்களுக்கும், 35 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கினால் இலவச டெலிவரி என்று உறுதி தரும் கடைகளுக்கும் தேடல் முடிவுகளில் முன்னிடம் தரப்படும் என்று அந்த ஜூலையில் எட்ஸி அறிவித்தது. தபால் செலவைப் பொருளின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது விற்பனையாளர்களுக்கு அது சொன்ன வழி. அதே ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்க அஞ்சல் துறை, ஒரு பவுண்டுக்கும் குறைந்த சிறு பார்சல்களுக்கு நாடு முழுவதும் இருந்த ஒரே கட்டணத்தைக் கைவிட்டுத் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கியிருந்தது. தபால் கட்டணம் ஊருக்கு ஊர் மாறத் தொடங்கிய நேரத்தில், எல்லா ஊருக்கும் ஒரே விலை வையுங்கள் என்று சந்தை சொன்னது. சராசரியை விலையில் சேர்த்தால் பக்கத்து ஊர்க்காரர் தூரத்து ஊர்க்காரரின் தபாலுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அதிகபட்சத்தைச் சேர்த்தால் பொருள் விலைமிக்கதாகத் தெரிந்து யாரும் வாங்குவதில்லை. குறைந்தபட்சத்தைச் சேர்த்தால் தூரத்து ஆர்டர் ஒவ்வொன்றிலும் நஷ்டம். இரண்டு பொருளை ஒரே பெட்டியில் அனுப்பித் தபால் செலவை மிச்சப்படுத்தும் பழைய வழக்கமும் இதில் அடிபடுகிறது. விலைக்குள் தபால் செலவு கரைந்துவிட்டால், இரண்டு பொருள் வாங்குபவர் தன்னை அறியாமலே இரண்டு பெட்டிக்குப் பணம் கொடுக்கிறார். பொருள் திரும்பி வந்தால் விற்பவர் முழு விலையையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். அஞ்சலகத்தில் கட்டிய பணம் போனது போனதுதான்.

இந்த விதிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தபால் செலவைக் காட்டி ஏமாற்றிய விற்பனையாளர்கள் இருந்தார்கள். ஈபேயில் பொருளுக்கு ஒரு சென்ட் விலை போட்டு, தபாலுக்குப் பல டாலர் வாங்கிக் கமிஷனைத் தவிர்த்தவர்கள் உண்டு. அதனால்தான் 2011 ஜூலையில் ஈபே தபால் செலவையும் சேர்த்துக் கமிஷன் கணக்கிடத் தொடங்கியது. அமேசானில் ஒரு சென்ட்டுக்குப் பழைய புத்தகம் விற்று, தபாலுக்கு வாங்கும் 3.99 டாலரில் லாபம் பார்த்த வியாபாரம் பிரசித்தம். ஆனால் அன்றைய ஏமாற்றுக்கு இட்ட கட்டு, இன்று நேர்மையாக விற்பவரையும் இறுக்குகிறது. இப்போது எட்ஸியும் ஈபேயும் தபால் லேபிளைத் தாங்களே விற்கின்றன. அங்கே லேபிள் வாங்கிய பார்சலுக்கு விற்பவர் எவ்வளவு கட்டினார் என்பது சந்தையின் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது. லேபிளுக்குக் கட்டிய தொகை வரை கமிஷன் இல்லை, அதற்கு மேல் வாங்கினால் கமிஷன் உண்டு என்று வைத்தால் ஏமாற்றுபவர் மட்டும்தான் மாட்டுவார். தகவல் கையில் இருந்தும் இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஏமாற்றைத் தடுக்கிறோம் என்பது காரணமாகாது.

வாங்குபவர்களே இலவச டெலிவரியைத்தானே விரும்புகிறார்கள் என்பது இரண்டாவது வாதம். 2005இல் இலவச டெலிவரி தரும் பிரைம் திட்டத்தைத் தொடங்கிய அமேசான் மக்களை அதற்குப் பழக்கிவிட்டது உண்மை. பணம் கட்டும் கடைசித் திரையில் திடீரென்று ஒரு தொகை கூடினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சல் தபால் செலவு தனியாக இருப்பதால் வருவதல்ல, அது கடைசிவரை மறைந்திருப்பதால் வருவது. முதல் திரையிலேயே மொத்தத் தொகையைக் காட்டி, அந்தத் தொகைப்படி பொருட்களை வரிசைப்படுத்தினால், 15 டாலருக்கு இலவச டெலிவரியும் 10 டாலரும் 5 டாலர் தபாலும் சமமாக நிற்கும். மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். தேடலில் ஒன்றை மேலே தூக்கி வைத்துவிட்டு, அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று சொல்வது விருப்பத்துக்குச் சான்றாகாது. 2023 இறுதியில் எட்ஸியே, தபால் செலவு 6 டாலருக்குக் குறைவாக உள்ள பொருட்களுக்கு முன்னுரிமை என்று எல்லையை மாற்றியது. கனமான பொருள் விற்பவருக்கு அந்த 6 டாலரும் எட்டாத உயரம்தான்.

பிடிக்காவிட்டால் வேறு தளத்துக்குப் போகலாமே என்கிறார்கள். 2022 ஏப்ரல் 11 முதல் ஒரு வாரம் ஆயிரக்கணக்கான எட்ஸி விற்பனையாளர்கள் தங்கள் கடைகளை மூடி வைத்துக் கமிஷன் உயர்வை எதிர்த்தார்கள். உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. கோடிக்கணக்கானவர்கள் வாங்க வரும் சந்தையை விட்டு, ஒருவர் தனியாக எங்கே போய்க் கடை போடுவார்?

இந்த விஷயத்தில் இந்தியச் சட்டம் ஒரு நல்ல தொடக்கத்தைக் கொடுத்திருக்கிறது. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். டெலிவரி, தபால், கையாளும் செலவு, வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும். பொருட்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதைச் சந்தை நிறுவனம் விளக்கவும் வேண்டும். மொத்தமும் தெரிய வேண்டும், உள்கணக்கும் தெரிய வேண்டும் என்ற இந்த இரட்டை நிபந்தனை வாங்குபவரைக் காக்கிறது. விற்பவருக்கு அதில் இன்னும் இடமில்லை. உண்மையான தபால் செலவின் மீது கமிஷன் கூடாது, தபால் செலவைத் தனியாகக் காட்டியதற்காக யாரையும் தேடலில் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்ற இரண்டு வரிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அந்த விதிகளில் சேர்க்க வேண்டும்.