கமரா பார்க்கும், ஓடி வராது

வீடு கட்டி முடிஞ்ச உடன யாரும் குடிபூருறதில்லை. மின் இணைப்பு வர வேணும். ஆடியோ மார்கழியோ குறுக்க வந்தால் அது கழிய வேணும். ரொறன்ரோவில இருக்கிற அண்ணைக்கு லீவு கிடைக்க வேணும். கையிலிருந்த காசு கூரையோட முடிஞ்சிருந்தால், அடுத்த சீட்டு எடுக்கும் வரைக்கும் பொறுக்க வேணும். இப்படி இரண்டு மாதம், ஆறு மாதம், சில வீடுகளுக்கு ஒரு வருசமும் போகும். யாழ்ப்பாணத்தில எந்த ஒழுங்கையால நடந்தாலும் இப்படி ஒரு வீட்டைக் காணலாம். பெயின்ற் மணம் இன்னும் போகேல்ல, கேற்றில ஆமைப்பூட்டு, முற்றத்தில மிஞ்சின மணல் கும்பி.

கள்வருக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. சனம் இருக்கிற வீட்டில் நகை இருக்கலாம், ஆனா ஆட்களும் நாயும் இருக்கும். இந்த வீட்டில் நகை இல்லை. சுவருக்குள்ள செம்பு வயர் இருக்கிறது, கிணற்றடியில் மோட்டர் இருக்கிறது, குளியலறையில் புதுப் பைப்புகள், அறை மூலையில் மிஞ்சின ரைல்ஸ் பெட்டியும் சீமெந்துப் பையும். எல்லாம் புதுசு, எதிலும் உரியவரின் பெயர் இல்லை. வயரை எரித்துச் செம்பை எடுத்துவிட்டால் அது எந்த வீட்டுச் செம்பு எண்டு யாராலும் சொல்ல முடியாது. போனது வயரின் விலை மட்டுமில்லை. இழுத்த இழுவையில் சுவிட்ச் பெட்டிகள் உடையும், சுவர் பெயரும், பூசின சுவரைத் திரும்பக் கொத்த வேண்டி வரும்.

இதுக்கு எங்கட சனம் கண்டுபிடிச்ச பதில்கள் இரண்டு: உயர்ந்த மதில், கமரா. இரண்டும் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

முதலில் மதில். ஏழடி மதில் கள்வனை ஒருதரம் மறிக்கும். அவன் ஏறிக் குதித்த பிறகு விடியும் வரைக்கும் அதே மதில்தான் அவனை மறைக்கும். ஒழுங்கையால் போகிறவருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் தெரியாது. உள்ளுக்குள் ஆறுதலாக இருந்து வேலை பார்க்கலாம்.

அடுத்தது கமரா. இங்க இரவு இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் பின்னேரம். வேலையில் நிற்கிற அண்ணையின் போனில், வளவுக்குள் ஆள் நடமாடுவது தெரிகிறது. இனி என்ன செய்வார்? 119 இலங்கைக்குள் இருந்து அடிக்கிற இலக்கம், கனடாவில் இருந்து அதை அடித்தால் எங்கட பொலிசுக்குப் போகாது. உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு அடிக்கலாம், ஆனா அவர்களின் இலக்கம் இல்லை. அல்லது மதில் கட்டேக்க எல்லைக்கல்லுக்காகச் சண்டை பிடிச்சு, கதை பேச்சு இல்லை. மின்சாரம் போனால் வைபையும் போகும், படமும் போகும். கமரா பார்க்கும், ஓடி வராது. ஓடி வாறதுக்கு ஒரு ஆள் வேணும்.

ஆகவே எங்கட வாதம் இதுதான்: குடிபூர முதல் ஒரு வீட்டைக் காப்பது அந்த ஒழுங்கையில் இருக்கிற மனிசர். அந்த மனிசரோடு எங்களுக்கு இருக்கிற உறவு சரியில்லை என்றால் பூட்டு எவ்வளவு விலையென்றாலும் வீடு பாதுகாப்பில்லை.

உடனே "அந்தக் காலத்தில கிளுவை வேலி இருந்தது, வேலியில பொட்டு இருந்தது, அயல் ஒண்டா இருந்தது" எண்டு தொடங்கிவிடக் கூடாது. அந்தப் பொட்டால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. வேலியை அரையடி தள்ளிப் போட்டதுக்காகத் தலைமுறையாக வழக்காடின குடும்பங்களும் உண்டு.

இன்னுமொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களின் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்களில் பலர் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களை. அதே வருடம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடங்களுக்குப் பிறகு காணி விடுபட்டுத் திரும்பியவர்களில் பலருக்கு அந்தச் சுவர்கூட மிஞ்சவில்லை. இந்த இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றல்ல, அவற்றைச் செய்தவர்களும் ஒருவரல்ல. ஆனால் ஆளில்லாத வீட்டின் ஓடும் மரமும் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போய்த்தான் சேர்ந்திருக்கும். அயல் எண்டது தானாக வருகிற காவல் இல்லை. உரியவர் திரும்பி வருவார், அவர் எங்கட ஆள் எண்டு அயல் நினைக்கிற வரைக்கும்தான் அது காக்கும். அந்த நினைப்பை உருவாக்க வேண்டியது வீடு கட்டுகிறவரின் பொறுப்பும்தான்.

அடுத்தது, வேலை செய்தவர்கள். வயர் போனது தெரிந்த உடனே வருகிற முதல் வார்த்தை என்ன? "மேசனோட வந்த பெடியள்தான்." மலையகத்திலிருந்து வந்த தொழிலாளி எண்டால், அல்லது ஊரில் தள்ளி வைக்கப்பட்ட குறிச்சிப் பெடியன் எண்டால், சந்தேகத்துக்கு ஆதாரமே தேவையில்லை. அத்திவாரத்திலிருந்து ஓடு போடும் வரைக்கும் அந்த வெயிலில் நின்றவர் ஒரு இரவில் கள்வராகி விடுகிறார். பொலிசில் பெயர் கொடுக்கப்படுகிறது. பிறகு உண்மையான கள்வன் பிடிபட்டாலும் அந்தத் தொழிலாளிக்கு அந்த ஊரில் இனி வேலை இல்லை. காணாமல் போன மோட்டரைத் திரும்ப வாங்கலாம். இதைத் திரும்ப வாங்க முடியாது.

இதைத் தவிர்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. வேலை நடக்கிற காலத்தில் ஒரு திறப்பு மேசனிடம், ஒன்று வயறிங்காரரிடம், ஒன்று ரைல்ஸ் பதிக்கிறவரிடம் எண்டு திரியும். கடைசி வேலை முடிந்த அன்றைக்கே முன் கதவினதும் பின் கதவினதும் பூட்டை மாற்ற வேண்டும், அதையும் அவர்களுக்கு முன்னாலேயே சொல்லி மாற்ற வேண்டும். இது வீட்டுக்கும் காவல், அவர்களுக்கும் காவல். யாரிடம் எப்போது திறப்பு இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் நாளைக்கு ஊகத்தில் யாரையும் கை காட்டத் தேவையில்லை.

மற்ற விசயங்களும் பெரிய செலவில்லாதவைதான். வயர் போகிற பைப்பைச் சுவருக்குள் முதலே பதித்துவிட்டு, வயரைக் குடிபூரல் கிட்டும்போது இழுக்கச் சொல்லலாம். வயறிங்காரர் இரண்டு தரம் வர வேண்டும் எண்டு முறுமுறுப்பார், பரவாயில்லை. மோட்டரையும் குளியலறைப் பைப்புகளையும் கடைசி வாரத்தில் பூட்டலாம். மோட்டரின் தொடரிலக்கத்தைப் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு வைத்திருந்தால் முறைப்பாடு கொடுக்கும்போது கையில் ஏதாவது இருக்கும். ஏணியையும் சாரத் தடியையும் வெளியில் சாத்தி வைக்கக்கூடாது, அது மாடி யன்னலுக்கு நாங்களே போட்டுக் கொடுக்கிற படி. பகலிலும் எரிகிற முன் லைற் "இங்க ஒருத்தருமில்லை" எண்டுதான் சொல்லும். இருட்டினால் தானாக எரிந்து, விடிந்தால் அணைகிற பல்ப்பைப் போடலாம். கேற்றடிச் சருகையும் அதில் செருகியிருக்கிற பில்லையும் கிழமைக்கு ஒருக்கா எடுக்க வேண்டும். அறை அறையாகப் படமெடுத்து, குடிபூரல் திகதியோடு பேஸ்புக்கில் போடுகிற வேலையைக் குடிபூரின பிறகு செய்யலாம்.

கடைசியாக, எங்களைப் பற்றி. "பெடியள் கம்பஸில சும்மாதானே நிக்கிறாங்கள், ஒருத்தனை இரவில போய்ப் படுக்கச் சொல்லுங்கோ." இது பல வீடுகளில் கேட்கிற வசனம். தண்ணீர் இல்லாத, லைற் இல்லாத வீட்டில் ஒரு பாயோடும் போனோடும் ஒருத்தன் படுக்கிறான். கத்தியோடு மூன்று பேர் வந்தால் அவன் என்ன செய்ய வேண்டும் எண்டு யாரும் சொல்லி விடுவதில்லை. பெண்பிள்ளைகளைப் படுக்க விடமாட்டார்கள். முற்றம் கூட்டவும் பின்னேரம் விளக்கு வைக்கவும் அவர்கள் போக வேண்டும். பக்கத்து வீட்டு மாமிக்கு "ஒருக்கா எட்டிப் பாருங்கோ" எண்டு ஒரு சொல், அதோடு முடிஞ்சுது. காவல் ஒரு வேலை. வெளியாளுக்கு எண்டால் சம்பளம் பேசியிருப்போம், சொந்தம் எண்டதால் கடமையாகி விடுகிறது.

ஆள் படுக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பேரை விடுங்கள். லைற்றும் கழிப்பறையும் வேலை செய்ய வேண்டும். இன்னார் படுக்கிறார்கள் என்று அயலுக்குத் தெரிய வேண்டும். சத்தம் கேட்டால் சண்டைக்குப் போகாமல் கூப்பாடு போடு, 119க்கு அடி, வயர் போனால் போகட்டும் எண்டு தெளிவாகச் சொல்ல வேண்டும். கூலியும் கொடுக்க வேண்டும்.

புது வீடு கட்டுகிற எங்கட வீட்டாருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். மதிலுக்குக் கல் பறிக்க முதல் ஒழுங்கையில் இருக்கிற நாலு வீட்டுக்கும் ஒருக்கா நடந்து போங்கோ. எப்ப குடிபூருறம், அதுவரைக்கும் யார் வந்து போவினம் எண்டு சொல்லுங்கோ. இலக்கத்தைக் குடுத்து, அவையளின் இலக்கத்தையும் வாங்குங்கோ. மதிலைக் கொஞ்சம் பதிவாகக் கட்டி, மேலே கம்பி அடிச்சால் ஒழுங்கையில் போறவரின் கண் உள்ளே விழும். குடிபூரல் அன்றைக்கு அந்த நாலு வீட்டையும் மேசனையும் அவரோட வந்த பெடியளையும் ஒரே பந்தியில் இருத்துங்கோ.