கறுப்புப் புகையும் காபரேற்றர் மீது விழும் பழியும்

தீவகத்தில் பழைய கார் வைத்திருப்போர் கேட்டுக் கேட்டுப் பழகிய தீர்ப்பு ஒன்று உண்டு. "கறுப்புப் புகை தள்ளுது, மிஸ்ஸிங் அடிக்குது. காபரேற்றர் முடிஞ்சுது, மாத்த வேணும்." பொனற்றைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். பணம் ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரப்போகிறது என்றால் இன்னும் விரைவாக வரும்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். செய்தியை உறுதிப்படுத்தாமல் தலைப்புப் போடுவோரைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. சாட்சியை விசாரிக்காமல் காபரேற்றரைக் கழற்றுவோரும் அதே இனத்தவரே.

தீவகத்துக் காரைப் பற்றிய இந்தப் பேச்சு, வெளிநாட்டில் வாழும் வாசகருக்கும் உரியது. மொறிஸ் மைனரில் 1952 முதல் பூட்டப்பட்ட ஏ-சீரீஸ் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததே, 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற் ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சினும். மைனருக்கு ஒரு எஸ்.யூ. காபரேற்றர்; அந்தச் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இரண்டு. லண்டனில் மிட்ஜெற் வைத்திருக்கும் புங்குடுதீவாருக்கும் வேலணையில் மைனர் ஓட்டும் அவரது மைத்துனருக்கும் நோய் ஒன்றே.

நோய் என்ன? ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் மிச்சம் கரியாகிறது. அந்தக் கரி பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படிகிறது. கரியின் வழியாக மின்சாரம் கசிந்தால் பொறி தோன்றாது. பொறி இல்லாவிட்டால் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும். இதுவரை காபரேற்றரே குற்றவாளி என்று தோன்றும்.

ஆனால் பொறி முதலிலேயே வலுவிழந்திருந்தாலும் பெற்றோல் எரியாமல் போகும், பிளக் கறுக்கும், புகைக்குழாயில் பெற்றோல் மணக்கும். காரணம் எது, விளைவு எது என்பதைப் புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் நம்மவர்களின் அவசரம் உரிமையாளரின் பையைக் காலி செய்கிறது.

விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் உலர்ந்த கரியாக இருந்தால் காரணம் பொதுவானது: காபரேற்றர், சோக், காற்று வடிகட்டி, கொயில். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் வால்வையும் பாருங்கள். இரட்டைக் காபரேற்றர் உள்ள மிட்ஜெற்றில் முன்னிரண்டோ பின்னிரண்டோ மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் காபரேற்றரைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். கொண்டென்சர், டிஸ்ரிபியூற்றர் மூடி, எஞ்சினை உடலோடு இணைக்கும் எர்த் வயர், தீப்பொறியின் நேரம் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கம்பிரஷன் அளக்க அரை மணி நேரம் போதும். இவையெல்லாம் சரி என்றான பின்பே காபரேற்றரைக் கூண்டில் ஏற்றலாம்.

ஏற்றினாலும் அதற்குப் பேச வாய்ப்புக் கொடுங்கள். எஞ்சின் சூடான நிலையில், எஸ்.யூ. காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் மிகை. சிறிது கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. எஞ்சின் நின்றுவிட்டால் பெற்றோல் குறை. ஒரு சதம் செலவில்லை.

தீவகத்துக்கென்று தனிக் காரணங்களும் இருக்கின்றன. இங்கு காற்றே உப்பு. பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவு, அல்லைப்பிட்டி வழியாக வரும் கார் இருபுறமும் கடலைப் பார்த்தே வருகிறது. உப்பு எர்த் வயரின் முனையைத் தின்னும்; சோக் கேபிளையும் இறுக்கும். எஸ்.யூ. காபரேற்றரில் சோக்கை இழுத்தால் ஜெற் கீழிறங்கிப் பெற்றோல் கூடும். கேபிள் துருப்பிடித்து ஜெற் மேலே திரும்பாவிட்டால், சோக்கைத் தள்ளிவிட்டோம் என்று ஓட்டுநர் நினைத்திருக்க, எஞ்சின் நாள் முழுவதும் மிகைப் பெற்றோலைக் குடிக்கும். வேலணையில் என் உறவினர் ஒருவரின் மைனருக்கு ஒரு கராஜில் இருமுறை காபரேற்றர் மாற்றினார்கள். புகை நிற்கவில்லை. முதியவர் ஒருவர் அந்தக் கேபிளைக் கழற்றி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டினார். நின்றது.

இன்னொன்று தூரம். வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து கோயில், எப்போதாவது குறிகட்டுவான் இறங்குதுறை. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. சூடேறாத பிளக் தன் மேலுள்ள கரியைத் தானே எரித்துக்கொள்ளாது. வாரம் ஒருமுறை யாழ்ப்பாணம் வரை ஓட்டிவிட்டு வந்து பிறகு பேசுங்கள்.

"போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார், எஞ்சின் தேய்ஞ்சு போச்சு" என்பது அடுத்த தீர்ப்பு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்பது உண்மை. 1991இல் தீவகத்தவர் பெருமளவில் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தபோது அவர்களோடு போன கார்களும் அப்படித்தான் ஓடின. கம்பிரஷன் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும் என்பதை அன்றைய மெக்கானிக்குகள் அறிந்திருந்தனர். ஒயிலை மோந்து பார்த்தே மாற்றினர். ஏ9 பாதை திறந்தது 2002இல். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெற்றோலில் ஓடிய எஞ்சினின் இன்றைய குறைக்கும் தடைக்காலத்தையே பழி சொல்வது சோம்பேறித்தனம்.

அன்றைய அதே பாடம் இன்றும் பொருந்தும். மிகைப் பெற்றோலும் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி, ஒயிலை நீர்க்கச் செய்கிறது. தவறான தீர்ப்போடு மாதக்கணக்கில் ஓட்டினால், நன்றாயிருந்த எஞ்சினும் உண்மையிலேயே தேய்ந்துபோகும். பிறகு "நாங்கள் அப்பவே சொன்னோம்" என்பார்கள். எஞ்சினைக் கழற்றி வீசி டீசல் எஞ்சின் பூட்டச் சொல்வார்கள், அல்லது அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில், ஓடக்கூடிய ஒரு காரை இப்படி இழப்பது சிறிய இழப்பன்று.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒன்று சொல்வேன். ஊரிலிருந்து "காபரேற்றருக்குக் காசு அனுப்புங்கோ" என்று தொலைபேசி வந்தால், உடனே அனுப்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: நான்கு பிளக்கும் எந்த நிறம்? கம்பிரஷன் எவ்வளவு? சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா? பதில் சொல்ல முடியாதவர் உங்கள் காரைத் தொட வேண்டாம்.