43 வயதில் முதலிடம்

2024 ஜனவரியில் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் இறுதியில் சிமோனே பொலெல்லி, ஆண்ட்ரியா வாவசோரி என்ற இத்தாலிய ஜோடியை வீழ்த்தி, ஆஸ்திரேலியாவின் மாத்யூ எப்டெனுடன் இந்தியாவின் ரோஹன் போபண்ணா கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 43. ஆண்கள் இரட்டையரில் அவருக்கு அதுவே முதல் கிராண்ட்ஸ்லாம். அதே தொடரில், அரையிறுதிக்கு முன்னேறியபோதே உலகத் தரவரிசையில் முதலிடமும் உறுதியாகியிருந்தது. அந்த வயதில் அங்கே முதன்முறையாக ஏறியவர் வேறு எவருமில்லை.

அதற்கு அவர் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. குடகைச் சேர்ந்த அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது 2003-ல். 2010 அமெரிக்க ஓபன் இறுதியில், பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியுடன் ஆடி பிரையன் சகோதரர்களிடம் தோற்றார். 2017-ல் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை வென்றார். பிறகு முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தது; 2021-ல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஐயங்கார் யோகா அவரை மீண்டும் களத்தில் நிறுத்தியது.

ஒற்றையரில் முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் என்று இரட்டையரைப் பேசுவோர் உண்டு. அது தவறான பேச்சு. சர்வ் போடுபவருக்கு முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டிவிட்டு வலையருகே குனிந்து நிற்பவர், எந்தப் பக்கம் பாய்வது என்பதை ஒரு நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஒற்றையர் ஆட்டக்காரருக்கு அந்தக் கண் தானாக வந்துவிடாது.

இதற்கு 2025 அமெரிக்க ஓபனே சாட்சி. கலப்பு இரட்டையரைப் பிரதானப் போட்டிகளுக்கு முன்பே இரண்டு நாளில், 16 ஜோடிகளோடு, பெரும்பாலும் குறுகிய செட்களில் முடித்தார்கள். பெரும்பாலான இடங்கள் ஒற்றையர் நட்சத்திரங்களுக்குப் போயின. இரட்டையரையே நம்பி வாழும் பலருக்கு வாய்ப்பு பறிபோனது. கடைசியில் இறுதிப்போட்டியில் இகா ஸ்வியான்டெக், காஸ்பர் ரூட் ஜோடியை வென்றவர்கள் யார்? முந்தைய ஆண்டின் சாம்பியன்களான சாரா எர்ரானியும், மெல்போர்னில் போபண்ணாவிடம் தோற்ற அதே வாவசோரியும்தான்!

நட்சத்திரங்கள் வந்தால் கூட்டம் வரும் என்பது உண்மை. அதற்காக உழைத்தவர்களை வாசலில் நிறுத்துவதை ஏற்க முடியாது.

இந்தக் கவலை நமக்கும் உரியது. 2017 சென்னை ஓபனில் போபண்ணாவோடு பட்டம் வென்றவர் ஜீவன் நெடுஞ்செழியன். அதே ஜீவன் 2024-ல் விஜய் சுந்தர் பிரசாந்துடன் சீனாவின் ஹாங்சோவில் வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் ஜோடி, கோவையைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜி. இந்திய டென்னிஸின் அண்மைக்கால வெற்றிகளில் பெரும்பகுதி இரட்டையரில் வந்தவை. ஆனாலும் இவர்கள் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது அரிது.

2025 நவம்பரில் போபண்ணா ஓய்வை அறிவித்துவிட்டார். அடுத்த முறை சென்னை நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் போட்டி நடக்கும்போது, இரட்டையர் ஆட்டத்தையும் மைய அரங்கில், மாலை நேரத்தில் அமைப்பாளர்கள் நடத்த வேண்டும். நாமும் போய் உட்கார வேண்டும்.